கோடு ஃபுல்லா இருக்கு, நெட் ஏன் ஊர்ந்து போகுது?

நெட் ஸ்லோவா இருக்குன்னு யாராவது சொன்னா நான் முதல்ல கேக்குறது, இப்ப வைஃபைல இருக்கீங்களா இல்ல டேட்டாலயான்னு தான். நிறைய பேருக்கு டக்குனு சொல்லத் தெரியாது, ஏன்னா போனே எல்லாத்தையும் பாத்துக்கும்னு விட்டுடறோம், அது எதுல ஒட்டிக்கிட்டு இருக்கோ அதுலயே நாமளும் இருக்கோம், வீடியோ சுத்திக்கிட்டே நிக்கும்போது போன் பழசாயிடுச்சு போலன்னு முடிவு பண்ணிடறோம். நல்லா ஓடிக்கிட்டு இருந்த போனை இதுக்காகவே மாத்தினவங்களையும், பெரிய பிளானா பாத்து போட்டவங்களையும் எனக்கு தெரியும். அது மனசுக்கு கஷ்டமா இருக்கு, அதனால தான் இதை கொஞ்சம் நீட்டியே எழுதறேன்.

முக்கியமான விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். போன் திரைல மேல தெரியுற சிக்னல் கோடு, வைஃபை குறி எல்லாமே உங்க போனுக்கும் அதுக்கு அடுத்தாப்புல இருக்கற ஒரே ஒரு ஆன்டெனாவுக்கும் நடுவுல நிலைமை எப்படி இருக்குன்னு மட்டும் தான் சொல்லுது. வைஃபைன்னா ரவுட்டர் வரைக்கும், டேட்டான்னா டவர் வரைக்கும். அதுக்கு அப்புறம் கேபிள் இருக்கு, கம்பெனியோட நெட்வொர்க் இருக்கு, எங்கயோ ஒரு சர்வர் இருக்கு, அங்க என்ன நடக்குதுன்னு அந்த குறிக்கு தெரியவே தெரியாது. இதை புரிஞ்சுக்கிட்டா பாதி குழப்பம் தீர்ந்துடும்.

வைஃபைய எடுத்துக்கோங்க. ரவுட்டர் பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க, குறி ஃபுல்லா இருக்கு, ஆனா ரவுட்டருக்கு வர்ற ஃபைபர் அறுந்து கிடக்கு. போனை பொறுத்தவரைக்கும் வைஃபை பிரமாதம். அப்ப "இன்டர்நெட் இல்ல"ன்னு சில நேரம் போன் எப்படி சொல்லுதுன்னு கேக்கலாம். ஆண்ட்ராய்டு போன் வைஃபைல சேர்ந்த உடனே கூகுளோட ஒரு சின்ன முகவரிய தட்டி பாக்கும், அங்கிருந்து 204ன்னு ஒரு பதில் வரணும், உள்ள எதுவுமே இல்லாத காலி பதில் அது. வந்துச்சுன்னா நெட் இருக்குன்னு முடிவு பண்ணிக்கும். வேற ஏதாவது பக்கம் திரும்பி வந்துச்சுன்னா, ஓ இது லாகின் கேக்குற வைஃபை போலன்னு அந்த பக்கத்தை உங்களுக்கு காட்டும், ஏர்போர்ட்லயும் ஓட்டல்லயும் நம்பர் கேட்டு ஓடிபி அனுப்புற பக்கம் தானா திறக்கறது இப்படி தான். ஐபோனும் ஆப்பிளோட முகவரில இதே வேலைய பண்ணும். ஆனா இந்த சோதனை ஒரு சின்ன கேள்வி, சின்ன பதில், அவ்ளோ தான். அந்த லைன் எவ்ளோ வேகம், வீடியோ தாங்குமான்னு அது பாக்கறதில்ல. ரொம்ப மெதுவான லைன்ல கூட அந்த 204 வந்து சேர்ந்துடும், போனும் திருப்தியா அந்த வைஃபையவே பிடிச்சுக்கும், பக்கத்துல நல்ல 4ஜி சும்மா இருந்தாலும் பெரும்பாலும் அந்த பக்கம் போகாது. ஏன்னா போனுக்கு வைஃபை தான் முதல் மரியாதை, டேட்டா செலவாகும்ன்ற கணக்கு.

எங்க சித்தி ஒரு நாள் போன் பண்ணி, "டேய், வைஃபை கனெக்ட்டுன்னு தான் காட்டுது, வீடியோ கால்ல மட்டும் என் குரல் விட்டு விட்டு கேக்குதாம், அவங்க பேசறது எனக்கு நல்லா கேக்குது, போனை கடைல குடுக்கவா"ன்னு கேட்டாங்க. எங்க உக்காந்திருக்கீங்க சித்தின்னு கேட்டேன், கடைசி ரூம், கதவு சாத்தி இருக்கு. வைஃபைய ஆஃப் பண்ணிட்டு டேட்டாவ போடுங்கன்னு சொன்னேன், மறுபடி வீடியோ கால் போட்டாங்க, குரல் உடையாம வந்துச்சு. அவங்க சொன்ன அந்த ஒரு பக்கம் மட்டும் கேக்காத பிரச்சனைக்கு காரணம் இருக்கு. போன்ல தெரியுற வைஃபை அளவு, ரவுட்டர் பேசறது போனுக்கு எவ்ளோ கேக்குதுன்றது. போன் பேசறது ரவுட்டருக்கு கேக்குதான்றது வேற கதை. ரவுட்டர் கரண்ட்ல ஓடுது, ஆன்டெனா பெருசு, போன் பேட்டரிய மிச்சம் பிடிக்கணும், அதனால போனோட சக்தி பொதுவா கம்மி தான். ரெண்டு சுவர் தாண்டி ரவுட்டர் சொல்றது போனுக்கு வந்துடும், போன் சொல்றது அங்க போய் சேராது. பாக்கறதுக்கு மட்டும் வீடியோ ஓடும், நாம பேசற கால், அப்லோட், வாய்ஸ் மெசேஜ் எல்லாம் திணறும். மெசேஜ் பக்கத்துல அந்த கடிகார குறி மாறாமலே நின்னுச்சுன்னா முதல்ல இதை தான் சந்தேகப்படணும்.

வீட்டுல ரெண்டு ரவுட்டர் வச்சிருக்கறவங்களுக்கு இன்னொரு தொல்லை. எந்த ரவுட்டர்ல ஒட்டிக்கணும், எப்ப மாறணும்னு முடிவு பண்றது பெரும்பாலும் போன் தான், ரவுட்டர் இல்ல. மாடிக்கு போனாலும் கீழ இருக்கற ரவுட்டரையே கடைசி மூச்சு வரைக்கும் விடாம பிடிச்சுக்கிட்டு இருக்கும் சில போன். வைஃபைய ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணா கிட்ட இருக்கறதுக்கு தாவிடும். சின்ன வேலை தான், ஆனா நிறைய பேர் பண்றதில்ல.

அப்புறம் இந்த 2.4, 5ன்னு ரெண்டு பேர்ல வைஃபை தெரியுமே, அதுல எதை போடறதுன்னு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனா சுவர் தாண்டறதுக்குள்ள சோர்ந்துடும். 2.4 தூரம் போகும், சுவர் தாண்டும், ஆனா அங்க பயங்கர நெரிசல். ப்ளூடூத் அதே இடத்துல தான் ஓடுது, மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது அதுல இருந்து கசியறதும் 2.45 பக்கத்துல தான், பக்கத்து வீட்டு ரவுட்டர் எல்லாம் அங்க தான். அந்த பேண்ட்ல, அதாவது அந்த அலைவரிசை பகுதில, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம இருக்கற சேனல்னு பாத்தா 1, 6, 11 இந்த மூணு தான். அடுக்குமாடில இருபது முப்பது ரவுட்டர் இந்த மூணுக்குள்ள முட்டிக்கிட்டு இருந்தா என்ன ஆகும். வைஃபைல ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர் தான் பேச முடியும், மத்தவங்க காத்திருக்கணும், அது உங்க வீட்டு ஆளா பக்கத்து வீட்டு ஆளான்னு எல்லாம் கிடையாது. தூரத்துல ஒரு பழைய போன் மெதுவா பேசிக்கிட்டு இருந்தா அது எடுத்துக்கற நேரம் அதிகம், ரவுட்டர் பக்கத்துல இருக்கற புது போனும் அதுக்காக நிக்கணும். அதனால ரவுட்டர் இருக்கற ரூம்லயோ அடுத்த ரூம்லயோ இருந்தா கண்ண மூடிட்டு 5ல போடுங்க, தள்ளி இருந்தா 2.4. இப்ப வர்ற வைஃபை 6இ, வைஃபை 7 ரவுட்டர்ல 6 கிகாஹெர்ட்ஸும் இருக்கு, அங்க கூட்டம் இன்னும் கம்மி, ஆனா போனும் அதை ஆதரிக்கணும், சுவர் விஷயத்துல அது 5 மாதிரியே தான், சொல்லப்போனா இன்னும் கொஞ்சம் மோசம்.

சரி, டேட்டாவுக்கு வரேன். கோடு பக்கத்துல வர்ற எழுத்தை பாக்கற பழக்கம் வேணும், கோட்டை விட எழுத்து தான் நிறைய சொல்லும். ஈ அப்படின்னு வந்தா அது எட்ஜ், 2ஜி குடும்பம். ஹெச், ஹெச் பிளஸ் ரெண்டும் 3ஜி குடும்பம். அதுக்கு மேல 4ஜி, சில போன்ல எல்டிஇன்னு போடும், 4ஜி பிளஸ்னு வந்தா ஒண்ணுக்கு மேல அலைவரிசைய சேர்த்து வாங்குதுன்னு அர்த்தம். எட்ஜ்ல நிஜமா கிடைக்கறது 200 கேபிபிஎஸ் பக்கம் தான்னு வச்சுக்கோங்க, அதாவது செகண்டுக்கு 200 கிலோபிட், எட்டு பிட் சேர்ந்தா தான் ஒரு பைட், இப்ப சாதாரணமா ஒரு வெப்சைட் பக்கமே ரெண்டரை எம்பி இருக்கு, அது திறக்கறதுக்கு ஒண்ணரை நிமிஷத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள ஆப் தானே வெறுத்து போய் நெட் இல்லன்னு சொல்லிடும். கோடு அஞ்சும் ஃபுல்லா இருக்கும், எழுத்து ஈன்னு இருக்கும், அப்ப கோட்டை பாத்து என்ன பிரயோஜனம். டைப் பண்ணி அனுப்புற மெசேஜ் மட்டும் எப்படியோ போய் சேரும், அந்த அளவுக்கு தான் அது. 2009 டிசம்பர்ல ஸ்டாக்ஹோம்லயும் ஆஸ்லோலயும் 4ஜி முதல் முதலா மக்களுக்கு திறந்தப்போ அதோட மதிப்பு வேகம் மட்டும்னு நினைக்க வேண்டாம், பதில் வர்ற தாமதம் குறைஞ்சது தான் எனக்கு பெருசா படுது, தொட்ட உடனே பக்கம் திறக்கற உணர்வு அங்க இருந்து தான் வந்துச்சு.

கோடு எவ்ளோ பொய் சொல்லும்னு நீங்களே பாக்கலாம். ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ்ல அபவுட் போன்குள்ள சிம் ஸ்டேட்டஸ்னு இருக்கும், அதுல சிக்னல் ஸ்ட்ரெங்த் மைனஸ்ல ஒரு நம்பரா, டிபிஎம்ன்ற அளவுல போட்டு இருக்கும், மைனஸ்ன்றதால நம்பர் பெருசானா சிக்னல் கம்மின்னு அர்த்தம். ஐபோன்ல *3001#12345#* டயல் பண்ணா சோதனை திரை வரும். அந்த நம்பரை திறந்து வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் நில்லுங்க, மைனஸ் 88, 90ன்னு ஆடிக்கிட்டு இருக்கும். அப்படியே மெதுவா உள்ள நடங்க. சுவர் ஒண்ணு தாண்டும்போது 97, அடுத்த ரூம்ல 104, பாத்ரூம் கதவை சாத்தினா 112ன்னு இறங்கும், சில இடத்துல திடீர்னு தூக்கும், ரெண்டடி நகர்ந்தாலே மாறும். இதுல கவனிக்க வேண்டியது, 10 குறைஞ்சா சிக்னல் பத்துல ஒரு பங்கா ஆயிடுச்சுன்னு அர்த்தம், 20 குறைஞ்சா நூத்துல ஒரு பங்கு. ஆனா மேல கோடு ஒண்ணோ ரெண்டோ தான் குறைஞ்சிருக்கும், எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கோடுன்னு ஒவ்வொரு போனும் ஒவ்வொரு மாதிரி கணக்கு வச்சிருக்கும், அதனால உங்க போன்ல மூணு கோடு பக்கத்துல இருக்கறவர் போன்ல நாலுன்னு ஒப்பிடறதுல அர்த்தமே இல்ல. வீட்டுல எந்த மூலைல நம்பர் நல்லா வருதுன்னு ஒரு தடவ நடந்து பாத்து வச்சுக்கோங்க, முக்கியமான கால் பேசும்போது அங்க போய் உக்காருங்க.

சிக்னல் நல்லா இருந்தும் நெட் நகராத இடம்னா கூட்டம் கூடுற இடம். மேட்ச் நடக்குற மைதானம், திருவிழா, பெரிய ஸ்டேஷன். 4ஜில 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைல ரெண்டு ஆன்டெனா வச்சு அதிகபட்சம் 150 எம்பிபிஎஸ்னு சொல்லுவாங்க, அது உங்களுக்கு மட்டும் இல்ல, டவரோட அந்த பக்கத்துல நிக்குற எல்லாருக்கும் சேர்த்து. ஆயிரம் பேர் ஒரே நேரத்துல வீடியோ பாத்தா ஆளுக்கு என்ன மிஞ்சும்னு நீங்களே பாத்துக்கோங்க. அந்த மாதிரி நேரத்துல செட்டிங்ஸ்ல நெட்வொர்க் டைப் மாத்தி பாக்கறது நிஜமாவே உதவும், எல்லாரும் 5ஜில முட்டிக்கிட்டு இருந்தா 4ஜி காலியா இருக்கலாம், தலைகீழாவும் இருக்கலாம். ஏரோபிளேன் மோட் போட்டு எடுக்கறதும் இதுக்கு தான், போன் டவரை விட்டுட்டு புதுசா தேடி சேரும், சில நேரம் வேற பேண்ட்ல போய் உக்காரும். ஆனா வெளிய வந்ததும் பழையபடி ஆட்டோல விட்டுடுங்க, மறந்துட்டு ஒரே டைப்ல பூட்டி வச்சா அந்த சிக்னல் இல்லாத இடத்துல கால் கூட வராம போகலாம்.

5ஜி எழுத்தையும் அப்படியே நம்பிட முடியாது. நிறைய இடத்துல 5ஜிய தனியா நிறுத்தாம 4ஜிய அடித்தளமா வச்சு தான் கட்டியிருக்காங்க, போன் முதல்ல 4ஜில சேர்ந்து, தேவைப்படும்போது 5ஜிய கூட சேர்த்துக்கும். அதனால அந்த டவர்ல 5ஜி வசதி இருக்குன்னு தெரிஞ்சாலே எழுத்தை போட்டு காட்டற போன் இருக்கு, டேட்டா ஓடறது 4ஜிலயே இருக்கலாம். இன்னொண்ணு, 5ஜி பெரும்பாலும் ஓடற 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து அலை உள்ள ரூம் வரைக்கும் வர்றது சிரமம், 700, 800 மெகாஹெர்ட்ஸ்ல வர்ற அலை தான் சுவர் தாண்டி வரும். வீட்டுக்குள்ள 5ஜி வர்றதும் போறதுமா இருந்தா, பேட்டரியும் சேர்ந்து இறங்கும், அப்ப 4ஜில வச்சுக்கறதுல எந்த அவமானமும் இல்ல. மேப், மெசேஜ், வீடியோ கால் எதுக்கும் நல்ல 4ஜி தாராளம்.

கால் வந்தா நெட் நிக்குதுன்னு சொல்றவங்களுக்கு ரெண்டு காரணம் பாக்கணும். வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாவே கால் பேசற வசதி, ஆன்ல இல்லன்னா, கால் வரும்போது போன் 4ஜில இருந்து 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கி தான் பேசும், பேசி முடிக்கிற வரைக்கும் டேட்டா மெதுவாகும், இல்ல சுத்தமா நின்னுடும். ரெண்டு சிம் போட்டிருந்தா இன்னொரு காரணம், டேட்டா ஒரு சிம்ல, கால் இன்னொரு சிம்லன்னா நிறைய போன்ல ஒரு நேரத்துல ஒரு சிம் தான் வேலை செய்யும், கால் நேரத்துல மட்டும் டேட்டாவ மாத்திக்கோன்னு சிம் செட்டிங்ஸ்ல ஒரு சுவிட்ச் இருக்கும், அதை தேடி ஆன் பண்ணுங்க. புது சிம் போட்டு கால் வருது, டேட்டா மட்டும் வரவே இல்லன்னா அது ஏபிஎன், கம்பெனியோட டேட்டா வாசல் பேரு போன்ல பதியாம இருக்கும், அதை சரியா போட்டாலே வந்துடும்.

பேட்டரி பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். டவர் தூரமா இருந்தா போன் பலமா அனுப்பும், தூரத்துல நிக்குறவங்ககிட்ட கத்தி பேசற மாதிரி, 4ஜில அது 200 மில்லிவாட் வரைக்கும் போகும். சிக்னலே இல்லன்னா அது சும்மாவும் இருக்காது, தேடிக்கிட்டே இருக்கும். சிக்னல் சுத்தமா இல்லாத, ஆனா வைஃபை நல்லா இருக்கற இடத்துல நாள் முழுக்க வேலை பாக்கறவங்க இதை பண்ணி பாருங்க: ஏரோபிளேன் மோட் போட்டு, அதுக்கு மேல வைஃபைய மட்டும் தனியா ஆன் பண்ணி, வைஃபை காலிங்கையும் ஆன்ல வைங்க. உங்க கம்பெனி வைஃபை காலிங் குடுத்தா சாதாரண நம்பருக்கு வர்ற காலும் வைஃபை வழியா வந்துடும், போன் டவரை தேடி தவிக்காது, சாயங்காலம் சார்ஜ் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாருங்க.

ஹாட்ஸ்பாட் எவ்ளோ நல்ல விஷயமோ அவ்ளோ ஆபத்தும் கூட, டேட்டா விஷயத்துல. லேப்டாப்ப பொறுத்தவரைக்கும் அது ஒரு வைஃபை, வைஃபைன்னா அளவில்லாததுன்னு நினைச்சுக்கிட்டு அப்டேட், போட்டோ பேக்கப், கிளவுட் எல்லாத்தையும் பின்னாடி இறக்க ஆரம்பிச்சுடும், ஒரு மணி நேரத்துல அன்னிக்கு டேட்டா காலி. விண்டோஸ்ல அந்த வைஃபையோட செட்டிங்ஸ்ல, இது அளவுள்ள டேட்டான்னு சொல்ற மீட்டர்டு கனெக்‌ஷன்னு ஒரு சுவிட்ச் இருக்கு, ஆண்ட்ராய்டுலயும் அதே பேர்ல இருக்கும், ஐபோன்ல லோ டேட்டா மோட். ஒரு தடவ போட்டா போதும், அந்த ஹாட்ஸ்பாட்டுக்கு ஞாபகம் வச்சுக்கும். மெயில் மட்டும் பாக்கணும்னா ப்ளூடூத் வழியாவும் நெட் பகிரலாம், ஒண்ணு ரெண்டு எம்பிபிஎஸ் தான் வரும், ஆனா போன் சூடாகாது. யூஎஸ்பி கேபிள் இருந்தா அதை விட நல்லது வேற எதுவும் இல்ல, வேகமும் நிலையா வரும், சார்ஜும் ஏறும்.

கடைசியா ரெண்டு போனுக்கு நடுவுல வீடியோ அனுப்பறது. பக்கத்துலயே உக்காந்திருக்கறவருக்கு ஒரு ஜிபி வீடியோவ மெசேஜ் ஆப்ல ஏத்தி, அது எங்கயோ இருக்கற சர்வருக்கு போய், அவர் திரும்ப இறக்கி, ரெண்டு பேர் டேட்டாவும் போய், வீடியோவும் நசுங்கி வந்து சேர்றத பாத்தா எனக்கு தாங்காது. ப்ளூடூத்ல அனுப்பினா நெட் வேண்டாம், ஆனா அது 2 எம்பிபிஎஸ் பக்கம் தான் போகும், ஒரு ஜிபிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல. ப்ளூடூத் செஞ்சது அதுக்காக இல்ல, 79 சேனலுக்குள்ள செகண்டுக்கு 1600 தடவ தாவி தாவி அந்த நெரிசலான 2.4க்குள்ள அறுபடாம பேசறது தான் அதோட பலம், ஹெட்செட், வாட்ச், கார் இதுக்கெல்லாம் அது போதும். என்எஃப்சி அதை விட சின்னது, நாலு சென்டிமீட்டர் தூரம், தொட்டு பணம் கட்ட, தொட்டு ஜோடி சேர்க்க, அவ்ளோ தான். பெரிய ஃபைலுக்கு ஆண்ட்ராய்டுல க்விக் ஷேர், ஐபோன்ல ஏர்டிராப். இதெல்லாம் ப்ளூடூத்த வச்சு பக்கத்துல யார் இருக்காங்கன்னு கண்டுபிடிச்சு, அனுப்பறத மட்டும் ரெண்டு போனுக்கும் நடுவுல நேரடியா வைஃபை அலைல அனுப்பும். ரவுட்டரே வேண்டாம், சிம்மும் வேண்டாம், டேட்டா ஒரு எம்பி கூட போகாது. ரெண்டும் சுமாரான புது போனா இருந்தா அந்த ஒரு ஜிபி அரை நிமிஷம் ஒரு நிமிஷத்துல போயிடும், வீடியோ நீங்க எடுத்த தரத்துலயே போகும். அதுக்காக ப்ளூடூத்தும் வைஃபையும் ரெண்டுமே ஆன்ல இருக்கணும், நிறைய பேர் வேலை செய்யலன்னு சொல்றதுக்கு காரணம் அதுல ஒண்ண ஆஃப் பண்ணி வச்சிருக்கறது தான்.

ஐபோன் வச்சிருக்கறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. மேல இருந்து இழுத்து கன்ட்ரோல் சென்டர்ல வைஃபைய தொட்டா அது ஆஃப் ஆகறதில்ல, இப்ப இருக்கற வைஃபைய விடுது, அவ்ளோ தான். அடுத்த நாள் காலைல அஞ்சு மணிக்கோ, நீங்க வேற இடத்துக்கு போனாலோ தானே திரும்ப சேர்ந்துடும், ஏர்டிராப்பும் நடுவுல வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். 2017ல ஐஓஎஸ் 11 வந்ததுல இருந்து இப்படி தான். ராத்திரி அந்த மோசமான வைஃபைய விட்டுட்டு டேட்டாக்கு மாறினேன், காலைல மறுபடி நெட் ஊர்ந்து போகுதுன்னா, காரணம் இது தான், செட்டிங்ஸுக்குள்ள போய் ஆஃப் பண்ணுங்க, இல்ல அந்த குறிப்பிட்ட வைஃபைக்கு மட்டும் ஆட்டோ ஜாயின எடுத்து விடுங்க.